வாப்பா அளந்த மதில்

மதரைக் காணப் போன அன்று வாப்பா உடனே உள்ளே போகவில்லை. என்னைக் கேட்டடி நிழலில் நிறுத்திவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு மதிலோரமாக நடக்கத் தொடங்கினார். மூலை திரும்பி மறைந்தும் போனார். அரை மணித்தியாலம் கழித்து அடுத்த பக்கத்தால் வந்து சேர்ந்தபோது சாரத்தின் கரையெல்லாம் நாயுருவி ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது.

"ரெண்டு குடை, ஒரு சாண்," என்றார்.

பதுளையில் புடவைக் கடை வைத்திருந்த மனிதர். பிடியை விட்டால் அவருடைய குடை சரியாக ஒரு கஜம். கடையில் கஜக்கோல் கைக்கு எட்டாத நேரத்தில் குடையாலேயே துணி அளப்பார். ஆக, மதில் ஆறே முக்கால் அடி. அதற்குப் பிறகுதான் கேட்டில் மணி அடித்தார். மதரிடம் பாடங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இது 1962 டிசம்பரில். 1963 ஜனவரியில் என்னைச் சேர்த்தார்கள். எனக்குப் பதினொரு வயது. அந்தப் பாடசாலையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கண்டியைச் சுற்றிய ஒரு மலைச்சரிவில் இருந்த கத்தோலிக்கக் கொன்வென்ட் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பட்ட நல்லதும் கெட்டதும் இந்தக் கட்டுரையில் வரும், அதனால்தான்.

எங்கள் ஊர் மடவளையிலிருந்து கண்டி என்ன, ஆறேழு மைல். வத்தேகமையிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து டவுனில் இறங்கலாம். ஊர் ஆண்பிள்ளைகள் அப்படித்தான் தினமும் போய் வந்தார்கள். அந்தத் தூரத்துக்கு ஒருத்தியைப் போர்டிங்கில் போடுவானேன் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு இரவுகள் நடந்த விவாதத்தின் முடிவு இதுதான்: பெரிய பிள்ளையாகப் போகிறவள் பஸ்ஸில் போகக் கூடாது, போர்டிங்கில் இருக்கலாம். பஸ்ஸில் கண்டக்டர் இருக்கிறான். போர்டிங்கில் மதில் இருக்கிறது.

பெரிய வாப்பா கடைசி வரை சம்மதிக்கவில்லை. "கொமர்ப் புள்ளய வேதக்காரங்கட கையில குடுக்கவா?" என்று எழுந்து போனார். தீர்ப்புச் சொன்னவர் உம்மம்மா. வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னார்: "மர்யம் நாயகியயும் சின்னதுல மிஹ்ராபுல உட்டுத்தான் வளத்தாங்க. ஸக்கரிய்யா நபி பாத்துக்கிட்டாங்க. அந்தக் கன்னியாஸ்திரிமார் ஈக்கிறதும் மர்யம் நாயகிட ஊடுதானே. போகட்டும் புள்ள."

அந்த வார்த்தை எவ்வளவு தூரம் பொருந்தும் என்று எனக்கு விளங்க ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

முதலில் அந்த வீட்டைச் சொல்ல வேண்டும். கொன்வென்டின் நடுக்கட்டடம் பாடசாலையாகக் கட்டப்பட்டதல்ல. கோப்பிக் காலத்துத் துரை ஒருவர் கட்டிய பங்களா என்று சிஸ்டர்மார் சொல்வார்கள். முன்னுக்குக் குதிரை வண்டி வந்து நிற்கும் முகப்பு. எங்கள் டோமிட்ரி ஒரு காலத்தில் துரைமார் நடனம் ஆடிய மண்டபம். பலகைத் தரை, அதில் இருபத்திரண்டு இரும்புக் கட்டில்கள். கூரை நடுவில் சரவிளக்கு தொங்கிய கொக்கி மட்டும் மிச்சம். குளிர்காய்வதற்கு என்று கட்டிய அடுப்பு மாடம் சுவரில் இருந்தது. அதற்குள்தான் எங்கள் சப்பாத்துகளை வரிசையாக வைப்போம். மழைக்காலத்தில் புகைக்கூண்டு வழியாகப் பழைய கரி கரைந்து ஒழுகும். திங்கட்கிழமை வெள்ளைச் சப்பாத்தில் நூறு வருஷத்துக் கரி. கோப்பித் துரை எங்களுக்கு விட்டுப் போன சொத்து அதுதான்.

இலங்கையின் கோப்பி எப்படி அழிந்தது என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1869இல் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் மலை முழுக்கப் பரவியது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கியே முறிந்தது. தேயிலை வந்து மலையைக் காப்பாற்றியது என்றாலும், கோப்பியோடு விழுந்த துரைமார் பலர் எழும்பவில்லை. பெரிய வீடு கட்டியவன் முறிந்தால் அந்த வீட்டை யார் வாங்குவது? குடும்பம் வாங்காது, கூரை பராமரிக்கவே ஒரு சம்பாத்தியம் வேண்டும். அறுபது பேர் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, ஒன்றாக ஜெபிக்கிற கூட்டத்துக்குத்தான் அவ்வளவு பெரிய வீடு தோதுப்படும். சுற்றிலும் தோட்டம், தோட்டத்தைச் சுற்றி மதில், ஒரு பெரிய மண்டபம், நிறைய அறைகள். கன்னியர் மடத்துக்குத் தேவையானதை எல்லாம் துரைமார் தெரியாமலே கட்டி வைத்திருந்தார்கள்.

இது நம் மலைநாட்டுக் கதை மட்டுமில்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கைல்மோர் என்று ஒரு கோட்டை வீடு. மான்செஸ்டர் பருத்திப் பணத்தில் மிட்செல் ஹென்றி என்பவர் 1867இல் மனைவிக்காகக் கட்டத் தொடங்கினார். மனைவி 1874இல் எகிப்துப் பயணத்தில் இறந்துவிட்டார். 1903இல் வீட்டை ஒரு பிரபு வாங்கினார். அவரும் கடனில் மூழ்கினார். பெல்ஜியத்தின் ஈப்ர் நகரில் முதலாம் உலகப் போரின் குண்டுகளுக்குத் தப்பி ஓடி வந்த பெனடிக்ட் சபைக் கன்னியர் 1920இல் அதை வாங்கி, 1923இல் பெண்பிள்ளைகளுக்குப் போர்டிங் பாடசாலை திறந்தார்கள். அது 2010 வரை நடந்தது. கிரிக்கெட் பிரியர்களுக்கு ஒரு துணுக்கு: ரஞ்சிக் கிண்ணத்துக்குப் பெயர் கொடுத்த ரஞ்சித்சிங்ஜி 1920களில் அந்தப் பக்கமே ஒரு மாளிகை வாங்கியிருந்தார். அவருடைய அண்ணன் தம்பி வழிப் பெண்கள் இருவர் இந்தக் கைல்மோரில்தான் படித்தார்கள். ராஜபுத்திர இளவரசிகள், கத்தோலிக்க மடத்தில். அவர்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் மதிலைச் சுற்றிப் பார்த்திருப்பார்.

என்னை இதையெல்லாம் தேட வைத்தது கல்கத்தா. மகளின் மகள் டாக்காவில் மருத்துவம் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போன நாங்கள் ஒரு விடுமுறைக்கு எல்லை கடந்து கல்கத்தாவுக்கும் போனோம். பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் அவளுக்குக் கேக் வேண்டும் என்றாள். நான் கால் வலிக்கு மெல்ல நடந்து, பக்கத்தில் பிரிகிற மிடில்டன் ரோ என்ற தெருவுக்குள் நுழைந்தேன். ஒரு மதில். அதைப் பார்த்த மாத்திரத்தில் என் கை தானாகப் பின்னலைத் தடவியது, ரிப்பன் சரியா என்று. எழுபது வயதுக்குக் கிட்டவான கிழவிக்கு! பெயர்ப் பலகையைப் பிறகுதான் வாசித்தேன். லொரேட்டோ ஹவுஸ். ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை இல்லை. வெளியே நின்றுதான் பார்த்தேன்.

இன்று நெருக்கியடிக்கும் அந்த இடம் 18ஆம் நூற்றாண்டில் நகரத்துக்கு வெளியே கிடந்த காடு. கல்கத்தாவின் வெள்ளைக்காரப் பெரும்புள்ளிகள் வெயிலுக்கும் புழுதிக்கும் தப்பி அங்கே தோட்ட மாளிகைகள் கட்டினார்கள். 1760களில் வங்காள ஆளுநராக இருந்த ஹென்றி வான்சிட்டார்ட்டின் தோட்ட மாளிகை இந்த வளவில்தான் இருந்தது. அவருக்குப் பிறகு அது சேர் எலைஜா இம்பேயின் கைக்கு வந்தது. இம்பே, 1774இல் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் முதல் பிரதம நீதியரசராக வந்தவர். மறு வருஷமே மகாராஜா நந்தகுமாருக்குக் கள்ளக் கையெழுத்துக் குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை விதித்து, வரலாற்றில் தீராத பழியைத் தேடிக்கொண்டவர். அவர் வீட்டைச் சுற்றி மான்கள் விட்டு வளர்த்த பூங்கா இருந்தது. மயானத்துக்குப் போகும் பாதை என்பதால் புதைகுழி வீதி என்று அழைக்கப்பட்ட தெரு, அந்த மான் பூங்காவால்தான் பார்க் ஸ்ட்ரீட் ஆனது. பேத்தி கேக் வாங்கிய தெருவின் பெயரில் நீதியரசரின் மான்கள் இன்னும் மேய்கின்றன.

இந்த வளவுக்குத்தான் 1841 டிசம்பர் கடைசியில் அயர்லாந்திலிருந்து லொரேட்டோ சபைக் கன்னியர் வந்து சேர்ந்தார்கள். ஓகஸ்டில் புறப்பட்டவர்கள், கப்பலில் நான்கு மாதம். தலைமை தாங்கிய மதர் டெல்பின் ஹார்ட் இருபதுகளில் இருந்த இளம்பெண். மற்றவர்களில் பலர் அவரை விட இளையவர்கள். வந்து இறங்கிய களைப்பு ஆறுவதற்குள், 1842 ஜனவரியிலேயே பாடசாலையைத் தொடங்கிவிட்டார்கள். 1846இல் டார்ஜிலிங் மலையில் இன்னொன்று. அங்கிருந்து லக்னோ, சிம்லா, ஷில்லோங் என்று போய்க்கொண்டே இருந்தார்கள்.

அவர்களை அனுப்பிய தாய்வீடும் ஒரு பழைய மாளிகைதான். டப்ளினுக்கு வெளியே ராத்ஃபார்ன்ஹம் என்ற ஊரில், 1725 வாக்கில் வில்லியம் பாலிசர் என்ற செல்வந்தர் கட்டிய வீடு. 1821இல், பின்னாளில் டப்ளின் பேராயரான டேனியல் மரே அதை விலைக்கு வாங்கி, தெரேசா பால் என்ற கன்னிகையிடம் பாடசாலை நடத்தக் கொடுத்தார். அவர் அந்த வீட்டுக்கு வைத்த பெயர் லொரேட்டோ. வீட்டின் பெயரே பிறகு சபையின் பெயராகிப் போனது.

லொரேட்டோ என்பது இத்தாலியில் ஒரு சிற்றூர். நாசரேத்தில் மர்யம் நாயகி வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது என்பது கத்தோலிக்கரின் ஐதீகம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வானவர்கள் அந்த வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்களாம். ஐதீகத்தை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். டாக்காவுக்குத் திரும்பிய பிறகு பேத்தியின் அறையில் இதை வாசித்தபோது எனக்கு உம்மம்மாவின் வெற்றிலை உரல் கேட்டது. 'மர்யம் நாயகிட ஊடு.' எழுத வாசிக்கத் தெரியாத மடவளைக் கிழவி, அயர்லாந்தின் மதர் தெரேசா பால் வைத்த அதே பெயரை வைத்திருக்கிறார்.

என்னுடைய கொன்வென்ட் லொரேட்டோ சபையுடையதல்ல. அந்தச் சபை அக்காலத்தில் நம் பக்கம் வரவில்லை. யாழ்ப்பாணத்துக்குத் திருக்குடும்பக் கன்னியர் 1862இல் வந்தார்கள். கொழும்புக்கு நல்லாயன் கன்னியர் 1869இல் வந்தார்கள், கண்டியில் அவர்களுடைய குட் ஷெப்பர்ட் கொன்வென்டைத் தெரியாதவர் இல்லை. பெண்பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பிப்பதைப் பொறுத்தவரை கத்தோலிக்கர் பிந்தியவர்கள் என்றே சொல்ல வேண்டும். உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824இலேயே தொடங்கிவிட்டது. அங்கே படித்து முடித்த பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது மிஷனே சீதனமும் கொடுத்ததாம்! அப்படியாவது பிள்ளைகளை அனுப்ப மாட்டார்களா என்றுதான்.

சபை எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். காசுள்ள வீட்டுப் பிள்ளை போர்டிங்கில் இருந்து கட்டுகிற பணத்தில், அதே வளவில் அல்லது பக்கத்து வளவில் இலவசப் பாடசாலையும் அநாதை இல்லமும் நடக்கும். கல்கத்தாவிலும் அதே. மிடில்டன் ரோவில் கட்டணப் பாடசாலை, என்டாலி என்ற பகுதியில் 1845 முதல் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லம். எங்கள் கொன்வென்டிலும் பின்பக்கம் ஒரு நீளக் கட்டடம் இருந்தது. அந்தப் பிள்ளைகள் நீலச் சட்டை, நாங்கள் வெள்ளை. கோயிலில் அவர்கள் இடப்பக்கம், நாங்கள் வலப்பக்கம். எங்கள் படுக்கை விரிப்புகளைத் தோய்த்தவர்கள் அவர்கள் என்பது எனக்குத் தெரியும். அது சரியா என்று அந்த வயதில் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

எங்கள் காலத்துக்குச் சற்று முன்னால்தான் அந்தக் கணக்கு குழம்பியது. 1960, 1961 சட்டங்களால் அரசாங்கம் உதவி பெறும் மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. பெரிய பாடசாலைகள் விரும்பினால் தனியே நிற்கலாம். ஆனால் அரச உதவியும் கிடையாது, கட்டணமும் அறவிடக் கூடாது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து காவலிருந்து போராடிய நாட்கள் அவை. அப்போது கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். கம்பளை ஸாஹிராவின் முதல் அதிபர், எங்கள் சமூகத்தின் பெருமை. அவருடைய படம் எங்கள் விறாந்தையில் தொங்கியது. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் வாப்பா கொன்வென்டுக்கு விண்ணப்பம் எழுதினார். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தாலும் மதில் முக்கியம்.

சரி, மதிலுக்கு உள்ளே என்ன நடந்தது?

காலை ஐந்தரைக்கு மணி. கத்தோலிக்கப் பிள்ளைகள் பூசைக்குப் போவார்கள். நாங்கள் முஸ்லிம் பிள்ளைகள் மூவர், அக்குறணையிலிருந்து ஒருத்தி, கம்பளையிலிருந்து ஒருத்தி, நான். சப்பாத்து மாடத்துக்குப் பக்கத்தில் சுபஹ் தொழுவோம். சிஸ்டர் யாரும் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேசையில் பன்றி வரும். எங்களுக்கு மட்டும் அவித்த முட்டை. ஆறு வருஷத்து ஞாயிறுகளுக்கு எத்தனை முட்டை என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் அவித்த முட்டை எனக்கு ஆகாது. நோன்பு மாதத்தில் போர்டிங் சிஸ்டர் ஒரு மணிக்கூட்டை வெறும் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து எங்கள் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார், சத்தம் பெரிதாகக் கேட்கட்டும் என்று. மூன்றரைக்கு அது டின்னுக்குள் துள்ளித் துள்ளி அடிக்கும். மூவரை எழுப்ப வைத்தது, இருபத்திரண்டு பேரையும் எழுப்பும். மேசையில் பாண், சீனிச் சம்பல், வாழைப்பழம், ஃப்ளாஸ்கில் தேத்தண்ணி. அந்தச் சிஸ்டர் நீர்கொழும்புப் பெண். தமிழும் பேசுவார். எங்களோடு பேச மாட்டார்.

பேச மாட்டார் என்றால், பேசக் கூடாது. போர்டிங்கில் ஆங்கிலம் மட்டும்தான். உள்ளங்கை அளவு ஒரு மரத்துண்டு இருந்தது. கட்டை என்போம். தமிழோ சிங்களமோ பேசிப் பிடிபட்டவளிடம் அதைக் கொடுப்பார்கள். அவள் அடுத்தவளைப் பிடித்துக் கைமாற்ற வேண்டும். இரவு யாரிடம் இருக்கிறதோ அவளுக்கு அந்த வாரத்து இனிப்பு இல்லை. ஒரு நாள் குளியலறைப் படியில் கால் விரல் மோதி நகம் பெயர்ந்தது. "உம்மா!" என்று கத்திவிட்டேன். ஒரு கையில் பஞ்சு வைத்துக் கட்டினார்கள், மறு கையில் கட்டையைக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் நான் முப்பது வருஷம் ஆங்கிலம் படிப்பித்த டீச்சர். அந்தக் கொன்வென்ட் இல்லாவிட்டால் எனக்கு அந்த உத்தியோகம் இல்லை. அந்தக் கட்டையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு எழுதுகிற கடிதங்களைச் சிஸ்டர் வாசித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். எல்லாக் கொன்வென்டிலும் அப்படித்தான். ஆனால் என் உம்மாவுக்கு வாசிக்கத் தெரிந்தது அரபுத்தமிழ் மட்டும். தமிழ்ப் பேச்சை அரபு எழுத்தில் எழுதுவது, நம் உம்மாமார் குர்ஆன் பள்ளியில் பழகியது. நானும் அதிலேயே எழுதினேன். வலமிருந்து இடமாக ஓடிய அந்தக் காகிதத்தைச் சிஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னையே வாசித்து ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். "அன்புள்ள உம்மா, நான் நலம். சிஸ்டர்மார் அன்பானவர்கள். இங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது," என்று கண்ணை எடுக்காமல் வாசித்தேன். காகிதத்தில் இருந்தது முட்டையும் கட்டையும். நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அதுதான், அதிலேயே பொய்.

ஆனால் எங்களுக்கு உயிர் கொடுத்தது பின்பக்கத்துக் கொய்யா மரம். அந்த இடத்தில் நிலம் மேடாக ஏறி வரும். மதிலோ மழைக்குச் சரிந்து, மேல் வரிசைக் கல் விழுந்து கிடந்தது. மரத்தின் முதல் கிளையில் காலை வைத்தால் வெளியே ஒழுங்கை தெரியும். மாலை நாலரைக்கு அந்த வழியாக ஒரு சிங்களக் கிழவி வெரளு அச்சாறு கொண்டு வருவார். ஐந்து சதம் கீழே இறங்கும், தாளில் சுற்றிய அச்சாறு மேலே ஏறும். மிளகாய்த்தூளும் காடியும் ஊறிய அந்தக் காய்க்காக நாக்கு இப்போதும் ஊறுகிறது. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிடிபடவில்லை. வெளியே போகவும் இல்லை. இறங்கிப் போயிருக்கலாம், அவ்வளவு தாழ்வு. ஏனோ யாருக்கும் தோன்றவில்லை.

மறுபடி கல்கத்தாவுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே எனக்கு இன்னொரு வீடும் பார்க்க வேண்டியிருந்தது. மிடில்டன் ரோவிலிருந்து அதிக தூரமில்லை, லோர்ட் சின்ஹா வீதியில் ஸகாவத் மெமோரியல் பெண்கள் பாடசாலை. பேகம் ருகையா 1911இல் எட்டுப் பிள்ளைகளோடு கல்கத்தாவில் தொடங்கியது. கணவர் இறந்த பிறகு அவர் விட்டுப்போன பணத்தில், முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்காக. பிள்ளைகளை ஏற்றி வர ஒரு பஸ் ஏற்பாடு செய்தார். பர்தாவுக்காக அதை நாலு பக்கமும் மூடினார்கள். காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள். சரி என்று அடைப்பை எடுத்துவிட்டுத் திரை போட்டார். உடனே ஊரிலிருந்து கோபக் கடிதங்கள்: காற்றுக்குத் திரை பறக்கிறது, பெண்பிள்ளைகள் வெளியே தெரிகிறார்கள், இப்படியே போனால் பத்திரிகையில் எழுதுவோம். இதையெல்லாம் ருகையா தன் 'அவரோத்பாஸினி' நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த வீதியில் நின்று பேத்திக்கு இதைச் சொன்னேன். "உம்மம்மா, ஒங்களுக்கும் பஸ்தானே பிரச்சின?" என்றாள். ஆமாம், மகள். எங்களுக்கு எல்லாருக்கும் பஸ்தான் பிரச்சினை. வீட்டு மதிலுக்கும் பாடசாலை மதிலுக்கும் நடுவே உள்ள அந்த ஆறு மைல்.

மதில் கன்னியருக்கும்தான். லொரேட்டோ கன்னியர் அந்தக் காலத்தில் அவசியம் இல்லாமல் மடத்தை விட்டு வெளியே வர மாட்டார்கள். ஸ்கோப்யே நகரத்திலிருந்து ஆக்னெஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண் 1928இல் ராத்ஃபார்ன்ஹம் மாளிகைக்கு வந்து, ஆங்கிலம் பழகச் சில வாரங்கள் தங்கி, அந்த டிசம்பரிலேயே கப்பலேறினார். வழியில் கப்பல் கொழும்புத் துறைமுகத்தையும் தொட்டது. 1929 ஜனவரியில் வங்காளம் சேர்ந்தவர், என்டாலியில் லொரேட்டோ வளவுக்குள் இருந்த சென்ட் மேரிஸ் பாடசாலையில் பதினேழு வருஷத்துக்குக் கிட்டப் படிப்பித்து, தலைமை ஆசிரியையும் ஆனார். மதிலுக்கு அப்பால் மோதி ஜீல் சேரி. அந்த மதிலைத் தாண்டி வாழ்வதற்கு அவருக்கு ரோமாபுரியின் அனுமதி தேவைப்பட்டது. 1948 ஓகஸ்டில், நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையோடு வெளியே நடந்தார். அன்னை தெரேசா என்று உலகம் சொல்வது அதற்குப் பிறகு உள்ளவரை. 1997 செப்டம்பரில் அவர் இறந்தபோது உடலைச் சனங்கள் பார்க்க வைத்திருந்தது மிடில்டன் ரோவில், லொரேட்டோ ஹவுஸுக்கு அடுத்துள்ள புனித தோமையார் கோயிலில். நான் ரிப்பனைத் தடவிக்கொண்டு நின்றேனே, அந்த மதிலுக்குப் பக்கத்தில்.

அவரைப் போல வெளியே போகாமல், மதிலைத் திறந்துவிட்ட ஒருவரும் உண்டு. சிஸ்டர் சிரில் மூனி, அதே லொரேட்டோ சபை. 1979இல் சியால்தா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பாடசாலைக்கு அதிபராக வந்து, பாதிக்குப் பாதி கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளைச் சேர்த்தார். மொட்டை மாடியைத் தெருப்பிள்ளைகளுக்குப் படிக்கவும் படுக்கவும் கொடுத்தார். பெரிய வகுப்புப் பிள்ளைகளே அவர்களுக்குப் படிப்பித்தார்கள். 2007இல் பத்மஸ்ரீ, 2023இல் காலமானார். எங்கள் நீலச் சட்டைப் பிள்ளைகள் ஞாபகம் வந்து, இதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ராத்ஃபார்ன்ஹம் மாளிகையை விட்டுக் கன்னியர் 1999இல் வெளியேறினார்கள். கைல்மோரில் இப்போது சுற்றுலாப் பயணிகள் தேநீர் குடிக்கிறார்கள். என் கொன்வென்டில் பாடசாலை நன்றாகவே நடக்கிறது, போர்டிங்தான் சுருங்கிவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் வேனில் போய் வருகிறார்கள்.

1968 டிசம்பரில் ஓ.எல். எழுதி முடித்ததும் வாப்பா வந்து கூட்டிப் போனார். அதே குடை. ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தார். மதிலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அவர் மௌத்தான பிறகு பதுளைக் கடையின் கணக்குப் புத்தகங்கள் நானாவிடம் வந்தன. சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் புத்தகங்கள். 1962ஆம் வருஷத்துப் புத்தகத்தை நானா எனக்குக் கொண்டு வந்து தந்தார், "இத நீ பாக்க வேணும்" என்று. டிசம்பர்ப் பக்கத்தில், வொயில் சேலைக்கும் சாரத்துக்கும் இடையில், வாப்பாவின் கையெழுத்தில் இரண்டு வரி:

மதில் 2 குடை 1 சாண்.
பின்னால கொய்யா மரத்தடியில 1 குடை.